பழைய தளத்தின் மேல் மாடி எழுப்பும் முன்

மொரிஷியஸில் ரோஸ் ஹில்லிலோ காட்ர் போர்னிலோ எந்தத் தெருவில் நடந்தாலும், தட்டையான கான்கிரீட் கூரைகளின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகள் கண்ணில் படும். பிள்ளைகளுக்குத் திருமணமானதும் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று பெற்றோர் விட்டுவைத்தவை அவை. 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயலும், அடுத்த மாதமே கரோல் புயலும் ஏராளமான வீடுகளை அழித்த பிறகுதான், மரமும் தகரமும் பின்தள்ளப்பட்டு, கான்கிரீட் வீடு இத்தீவின் வழக்கமாயிற்று. அப்படி எழுந்த வீடுகளின் மேல் மாடி கட்ட விரும்பும் குடும்பங்கள், கட்டமைப்புப் பொறியாளனாகிய என்னிடம் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, இனியும் தாங்கும்தானே?"

இத்தனை ஆண்டுகள் தாங்கியது வேறு எடையை. இனி வரப்போவது வேறு எடை. தாங்கப்போவதும் அன்றிருந்த அதே கூரைத் தளம் இல்லை.

எஃகுக் கம்பியை ஓர் எல்லைக்குள் இழுத்தால் நீளும். விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். 3 மீட்டர் கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் தகைவு, அதாவது குறுக்குவெட்டுப் பரப்பின் மேல் பகிர்ந்த இழுவிசை, வந்தால், அது சுமார் 3 மில்லிமீட்டர்தான் நீளும். அந்த எல்லையைத் தாண்டினால் கம்பி உடனே அறுந்துவிடாது. ஆனால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். கான்கிரீட்டின் இயல்பு வேறு. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் அது, இழுவையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலிமையே காட்டும். ஆகவேதான் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம்: இரு சுவர்களுக்கு நடுவே உள்ள தளத்தில் அடிப்பக்கம், சுவரைத் தாண்டி நீட்டியிருக்கும் பால்கனியில் மேற்பக்கம். கான்கிரீட் ஊற்றும்போது வேலையாட்கள் மிதித்து அந்த மேல்கம்பி கீழே இறங்கியிருந்தால், வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் தெரியாது, பால்கனியின் வலிமை மட்டும் பெரிதும் குறைந்திருக்கும். நான் மிகவும் அஞ்சுவது இந்தக் குறையைத்தான்.

பலரும் கணக்கில் எடுக்காதது காலம். நைலான் கொடியில் தினமும் அதே துணிகளைக் காயப்போட்டாலும், சில மாதங்களில் கொடி தொய்ந்துவிடுவதைப் பார்க்கிறோம். கான்கிரீட்டும் நிலையான எடையின் கீழ் அப்படியே மெல்லத் தொய்கிறது; பொறியாளர்கள் இதை க்ரீப் என்பார்கள். அழுத்தப் பக்கத்தில் கம்பி இல்லாத ஒரு தளம், நிலையான எடையால் முதல் நாளில் 5 மில்லிமீட்டர் தொய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் அதற்கு மேல் இன்னொரு 5, ஓராண்டில் 7, ஐந்தாண்டில் 10 மில்லிமீட்டர் வரை கூடலாம். புதிதாக ஒரு துளி எடையும் ஏற்றாமலே முதல் தொய்வு மூன்று மடங்காகிறது. ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் முட்டுக்கால்களை அவசரப்பட்டு எடுத்த தளத்தில் இது இன்னும் அதிகம், ஏனெனில் இளங்கான்கிரீட் கூடுதலாக இளகிக்கொடுக்கும். தடிமனில் மிச்சம் பிடிப்பதும் ஆபத்தே: 150 மில்லிமீட்டர் தளத்தை 120 ஆக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு பாதியாகிவிடும்.

அதற்கு மேல் கடல் உப்பு. 2001இல் தடை வரும்வரை, பவளத்திட்டுக்கு உட்புறக் கடலிலிருந்து அள்ளிய மணல் இங்கே கட்டடங்களில் கலந்தது. சரியாகக் கழுவாத மணலோடு உப்பும் உள்ளே போயிற்று. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடம் பிடிப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அதே நேரம் கம்பியின் பருமன் குறைகிறது. எடை மாறாதிருக்க, மீந்திருக்கும் இரும்பின் மேல் தகைவு ஏறுகிறது.

வீட்டுக்காரர்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, கூரையின் அடிப்பரப்பை ஒட்டி நூலை இழுத்துக் கட்ட வேண்டும். இரு முனைகளிலும் ஒரே தடிமனுள்ள கட்டையைக் கூரைக்கும் நூலுக்கும் இடையே வைத்தால் நூல் கூரையில் உரசாது. பிறகு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, அந்தக் கட்டையின் தடிமனிலிருந்து கழித்தால் கிடைப்பதே தொய்வு. கூரையில் விரிசல் இருந்தால், அதன் முனைகளில் பென்சிலால் கோடிட்டுத் தேதியையும் எழுதுங்கள். சில மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது தொய்வு கூடியிருந்தாலோ, விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, பால்கனியின் மேற்பரப்பில் சுவரை ஒட்டி விரிசல் தெரிந்தாலோ மாடிப் பேச்சை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். கூரையில் வைக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவருக்கு நேர் மேலே வையுங்கள்.

கட்டும் நாட்களிலும் ஓர் ஆபத்து உண்டு. 150 மில்லிமீட்டர் புதிய தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ எடையுள்ளது. அது இறுகும்வரை அந்த எடை முழுவதும் முட்டுக்கால்கள் வழியாகப் பழைய தளத்தின் மேல்தான் இறங்கும். வீட்டுத் தளங்களில் ஆட்களுக்கும் சாமான்களுக்குமாகக் கணக்கிடுவதோ 150 முதல் 200 கிலோதான். ஆகவே கீழ்வீட்டிலும், மேலுள்ள முட்டுகளுக்கு நேர் கீழாகத் தரை வரை முட்டு கொடுக்கும்படி ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். கீழே குடியிருப்போருக்குச் சில வாரம் இடைஞ்சல்தான் என்றாலும், பொறியாளர் சொல்லும்வரை அவற்றில் ஒன்றைக்கூட எடுக்க விடாதீர்கள்.