பேட்டரிக்குச் சோறு போகிறதா?

ஜூலை 31-ஓடு மும்பைக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை முடிகிறது. நாரளி பௌர்ணமிக்கு மும்பையின் மீனவச் சமூகமான கோளி மக்கள் கடலுக்குத் தேங்காய் விட்டு வணங்கும் அந்த நாட்களில், மாஹிம் கோளிவாடாவில் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கும். தாராவியில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் தூத்துக்குடி அண்ணாச்சிக்கு அப்போது மூச்சுவிட நேரம் இருக்காது. அவர் அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்புறம் மாட்டும் மோட்டார், மெக்கானிக். விடுமுறை நாட்களில் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன்.

போன ஆகஸ்டில் ஒரு ஃபைபர் படகுக்காரரின் புகார் இது: ஒரே சீசனில் இரண்டாவது பேட்டரி வாங்கியாயிற்று, அதுவும் இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது. முன்பு பார்த்தவர் பேட்டரியைக் குறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 11.9 வோல்ட், கிட்டத்தட்டக் காலி. "பேட்டரி கெடல தம்பி. அதுக்குச் சோறு போய்ச் சேரல" என்றார்.

அந்தச் சோறு எங்கே ஆக்கப்படுகிறது? மோட்டாரின் தலையில் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் உட்புறம் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அதற்குள்ளே அசையாமல் உட்கார்ந்திருப்பது ஸ்டேட்டர் என்ற செம்புக் காயில் வட்டம். காந்தம் காயிலைக் கடக்கும்போது காயிலில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டது இதைத்தான். பிறப்பது திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி. பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி. டயோடுகளால் ஆன ரெக்டிஃபையர் அதை மாற்றித் தருகிறது. வோல்டேஜ் எல்லை மீறாமல் பிடித்து நிறுத்துவது ரெகுலேட்டர். பெரும்பாலும் இரண்டும் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும்.

இந்த ரெகுலேட்டரின் பாடு கொஞ்சம் கஷ்டமானது. காரின் ஆல்டர்னேட்டரில் சுற்றுவது மின்காந்தம். அதற்குக் கொடுக்கும் கரண்டைக் குறைத்தால் உற்பத்தியும் குறைந்துவிடும். அவுட்போர்டில் இருப்பது நிலைக்காந்தம். அதை அணைக்க வழியில்லை. ஃப்ளைவீல் சுற்றும்வரை மின்சாரம் பிறந்துகொண்டே இருக்கும், வேகம் கூடினால் வோல்டேஜும் கூடும். அதனால் பல ரெகுலேட்டர்கள், தேவைக்கு மேல் வருவதைக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடுகின்றன. அந்த வேலையில் பெட்டி சுடும். அதன் முதுகில் இருக்கும் தகட்டு வரிகள் சூட்டை வெளியேற்றத்தான். மோட்டார் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து 'சோதிக்கும்' பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, நன்றாக இருந்த ரெகுலேட்டரையே கொன்றுவிடும். ப்ளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் டயோடுகளின் கதி அதுதான்.

மோட்டார் நன்றாக ஓடுகிறதே, சார்ஜிங்கில் எப்படிக் கோளாறு இருக்கும் என்று படகுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடையது பழைய கார்புரேட்டர் மோட்டார். அதில் ஸ்பார்க்குக்குத் தனிக் காயில்; பேட்டரி செத்தாலும் கயிறு இழுத்து ஓட்டிவிடலாம். மோட்டார் ஓடுவது சார்ஜ் ஆவதற்குச் சாட்சி ஆகாது. அதைவிட நல்ல சாட்சி, மோட்டார் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாகோமீட்டர். பல மோட்டார்களில் அதற்கு சிக்னல் இந்தச் சார்ஜிங் பாதையிலிருந்துதான் போகிறது. முள் திடீரென்று பூஜ்யத்தில் படுத்துவிட்டால் ஸ்டேட்டர், ரெகுலேட்டர் பக்கம் முதலில் பார்க்கலாம். இவருடைய முள் ஒழுங்காகவே ஆடியது.

ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதில் இறக்கினோம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே பாழாகிவிடும். கையிலிருந்த நல்ல பேட்டரியைப் போட்டு ஸ்டார்ட் செய்து வேகத்தைக் கூட்டினோம். பேட்டரி முனையில் 14 முதல் 14.5 வோல்ட் வரை வந்திருக்க வேண்டும். வந்தது 13.0. மோட்டாரை நிறுத்தி ஸ்டேட்டரின் பிளக்கைக் கழற்றினார். மூன்று மஞ்சள் ஒயர். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே அளவு, ஓர் ஓமுக்கும் குறைவான தடை. எர்த்துக்குத் தொடர்பே இல்லை. காயில் நலம். பிளக்கை மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்து, ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் சிவப்பு ஒயரில் அளந்தார். 14.3.

அங்கே 14.3, இங்கே 13.0. நடுவில் 1.3 வோல்ட் எங்கோ தொலைகிறது. நடுவில் இருந்தது ஒரு ஃப்யூஸ்.

ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது. திரும்ப மாட்டி, இணைப்பு இருந்தால் சத்தம் கொடுக்கும் பீப்பில் மீட்டரை வைத்தேன், பீப் கேட்டது. "அண்ணாச்சி, இது சரியாத்தானே இருக்கு?" என்றேன். "மோட்டார் ஓடும்போது வச்சுப் பாரு" என்றார். ஓடவிட்டு, ஃப்யூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் மீட்டர் முனைகளை வைத்தேன். 1.2 வோல்ட். நல்ல இணைப்பாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடம். ஹோல்டரின் பிளாஸ்டிக்கைத் தொட்டால் விரல் சுட்டது.

இதை ஓம் விதி அழகாகச் சொல்லிவிடும். 0.1 ஓம் தடையில் 10 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் போய்விடும். மீட்டர் பீப்புக்காக அனுப்பும் கரண்ட் மிகமிகச் சிறியது, அதற்கு 0.1 ஓம் ஒரு தடையே இல்லை. நிஜ கரண்ட் ஓடும்போதுதான் அந்த இணைப்பின் குணம் தெரியும். 1.2 வோல்டும் 10 ஆம்பியரும் சேர்ந்தால் 12 வாட், விரலைச் சுட்டது அதுதான். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் இதே கோளாறு இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். செல்ஃப் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 0.1 ஓமிலேயே 10 வோல்ட் காணாமல் போகும். சார்ஜிங் ஒயரில் இருந்ததால் சத்தமில்லாமல் பேட்டரியைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தது.

ஹோல்டரைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பு. ஒயரை ஒரு விரற்கடை சீவிப் பார்த்தோம். செம்பு இழைகள் கறுத்திருந்தன. உப்புத்தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள் ஊர்ந்து ஏறிவிடுகிறது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போய், வெள்ளீயம் பூசிய ஒயரும் தண்ணீர் புகாத ஹோல்டரும் போட்டு, பசை உள்ள சுருங்கு குழாயால் மூடினார் அண்ணாச்சி. மறுபடி அளந்தோம். ஹோல்டரில் 0.05, பேட்டரியில் 14.2.

படகுக்காரரின் பேட்டரியை உடனே மாட்டவில்லை. அவ்வளவு இறங்கியதை மோட்டாரிலேயே ஏற்றினால் ஸ்டேட்டருக்கு வீண் சூடு. தாராவிக்குக் கொண்டுவந்து, மெதுவான சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டோம். காலையில் சார்ஜரைக் கழற்றி, இரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தோம். 12.7. வயிறு நிறைந்திருந்தது.