க்ரோன்போர்க்: கடலுக்குச் சுங்கச்சாவடி போட்ட கோட்டை

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஹெல்சிங்கோர். ரயிலடியிலிருந்து துறைமுகத்தைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்தால் க்ரோன்போர்க் கோட்டை. உள்ளே நுழைகிற கூட்டம் நேராக நடன மண்டபத்துக்குத்தான் போகும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பீரங்கிக் கோபுரத்தின் 145 படிகளையும் ஏறிவிடுங்கள். மேலே நின்று பார்த்தால் எதிரே ஸ்வீடன் கரை. இடையில் சுமார் 4 கிலோமீட்டர் தண்ணீர். ஓரெசுந்த் நீரிணை இங்கேதான் மிகக் குறுகல். பால்டிக் கடலுக்குள் போகவும் வரவும் முக்கிய வழி இது. கடந்துபோகும் கப்பல்களிடம் டென்மார்க் மன்னர்கள் சுங்கம் வசூலித்த கோட்டை ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்பது இப்போது புரியும்.

கப்பல்களைப் பிடித்துக் கொடுத்தது முதலில் தண்ணீர்தான். பால்டிக் கடலில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், ஆவியாகிப் போவதைவிட அதிகம். மிஞ்சுகிற நீர் இந்த நீரிணை வழியாக வடக்கே வழிகிறது. உப்புக் குறைந்த அந்த நீர் லேசானது, அதனால் மேலடுக்கில் ஓடும். உப்பு மிகுந்த கனமான நீர் அடியில் எதிர்த்திசையில் உள்ளே ஊரும். கப்பல் மிதப்பது மேலடுக்கில். ஆக, தானியம் ஏற்றிவர ஆம்ஸ்டர்டாமிலிருந்து பால்டிக் கரையிலுள்ள டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) துறைமுகத்துக்குப் போகிற மாலுமிக்குப் பெரும்பாலும் எதிர் நீரோட்டம். காற்றும் தெற்கிலிருந்து அடித்தால் கதை முடிந்தது. சதுரப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்கு 65, 70 பாகைக்கு உள்ளாக முகம் திருப்பிப் போக முடியாது. நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான், அதுவும் கோட்டைக்கு எதிரிலேயே. சுற்றிப் போகலாம் என்றால் கிரேட் பெல்ட் நீரிணை நீளம் அதிகம், மணல்திட்டுகளும் உண்டு. அங்கே நூபோர்க்கிலும் டென்மார்க் சுங்கம் வசூலித்தது.

1429-இல் மன்னர் எரிக் தொடங்கிய சுங்கம் எளிமையானது: கப்பலுக்கு ஒரு பொன் நாணயம். பெரிய கப்பலுக்கும் சிறியதற்கும் அதேதான். 1567-இல் இரண்டாம் பிரடெரிக் இதைச் சரக்கின் மீதான வரியாக மாற்றினார். விகிதம் ஒன்றிரண்டு சதவீதம்தான், ஆனால் வருமானம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஆனால் சரக்கின் விலையை யார் சொல்வது? மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க நேரமும் ஆளும் போதாது. அதனால் கேப்டனையே சொல்லவிட்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: சொன்ன விலைக்குச் சரக்கை மன்னரே வாங்கிக்கொள்ளலாம்.

இதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 தாலர் (அன்றைய வெள்ளி நாணயம்) பெறுமான சரக்கு, வரி 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையைச் சொன்னால் வரி 2 தாலர். 60 என்று பொய் சொன்னால் 1.2 தாலர். மிச்சம் 0.8. மாட்டிக்கொண்டாலோ நஷ்டம் 40. ஆக, மன்னர் 50 கப்பலில் ஒன்றின் சரக்கை வாங்குவார் என்ற பயம் இருந்தாலே பொய் கட்டுப்படியாகாது. விலையைக் கூட்டிச் சொன்னால் வரி கூடும். சோதனைச்சாவடி இல்லாமலே நேர்மையை வரவழைக்கும் இந்த ஏற்பாடு, கோட்டையின் எந்தச் சுவரையும்விடக் கெட்டிக்காரத்தனமானது. மன்னர் கையில் ரொக்கம் இல்லாதபோதும், வாங்கிய சரக்கை விற்க வழியில்லாதபோதும் மட்டும் மிரட்டல் வலுவிழக்கும். இந்தச் சுங்கக் கணக்கேடுகளில் சுமார் 18 லட்சம் கப்பல் பயணங்கள் பதிவாகியுள்ளன. 1574 முதல் 1857 வரை கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கின்றன.

அந்தப் பணத்தில் எழுந்ததுதான் இன்றைய கோட்டை. 1574 முதல் 1585 வரை கட்டினார்கள். நான்கு மூலையிலும் கொத்தளம், வெளியே நீட்டிய அம்பு முனை வடிவில். வட்டக் கோபுரமாக இருந்தால் அதன் முகப்பை ஒட்டி எதிரி பதுங்க ஓர் இடம் கிடைக்கும். எந்தப் பீரங்கியாலும் அங்கே சுட முடியாது. முனை வடிவத்தில் ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டுப் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் முகப்பை ஒட்டியே சுடும், மறைவிடம் மிஞ்சாது. கடலைப் பார்த்த பக்கம் இதெல்லாம் சரிதான். ஆனால் 1658-இல் ஸ்வீடன் படை தரைப்பக்கம் முற்றுகையிட்டுச் சில வாரங்களில் பிடித்துவிட்டது. பிறகு 1688–1690-இல் தரைப்பக்கம் வெளி அரண்கள் கட்டினார்கள். நீங்கள் நடந்து வரும் வழியில் குறுக்கிடும் மண்மேடுகளும் அகழியும் அந்தப் பாடத்தின் மிச்சம்.

கடல்பக்கத்திலும் ஓர் ஓட்டை விழுந்தது. அன்றைய பீரங்கியால் 4 கிலோமீட்டரைக் குறி தவறாமல் கடக்க முடியாது. இரு கரையும் டென்மார்க்கிடம் இருந்தவரை கவலையில்லை, பாதி பாதியாகப் பார்த்துக்கொண்டார்கள். 1658 உடன்படிக்கையில் எதிர்க்கரை ஸ்வீடனுக்குப் போனது. 1801 மார்ச் 30 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஸ்வீடன் கரையை ஒட்டியே நழுவியது. அந்தப் பக்கம் சுடவில்லை, க்ரோன்போர்க்கின் குண்டுகள் எட்டவில்லை. மூன்று நாளில் கோபன்ஹேகன் போர். ஆனாலும் வணிகக் கப்பல்கள் 1857 வரை சுங்கம் கட்டிக்கொண்டேதான் இருந்தன.

உள்ளே 62 மீட்டர் நீள நடன மண்டபம் வெறுமையாகத்தான் இருக்கும். தேவாலயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1629-இல் வேலையாட்களின் கவனக்குறைவால் தீப்பிடித்தபோது மற்ற பகுதிகள் எரிந்தன; தேவாலயம் மட்டும் தப்பியது. அதன் கூரை கல் வளைவு. எரிவதற்கு அதில் எதுவும் இல்லை, மேலே இருந்து விழுந்ததையும் தாங்கிக்கொண்டது. கோட்டையைத் திரும்பக் கட்டிய நான்காம் கிறிஸ்டியன் நமக்கும் தெரிந்தவர்தான்: தரங்கம்பாடியில் 1620-இல் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது இவர் ஆட்சியில்.

நிலவறைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தரை மேடுபள்ளம், வெளிச்சம் குறைவு, கோடையிலும் குளிரும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். வெளியே வந்ததும் கடல்பக்க மேட்டுக்குப் போய், வரிசையாக நிற்கும் பீரங்கிகளின் வாய் காட்டும் திசையில் பாருங்கள். ஸ்வீடனுக்குப் போகும் படகு அந்த நீரை 20 நிமிடத்தில் கடந்துவிடுகிறது.