ஸ்வீடனில் ஈரானியப் பிள்ளைகளுக்குப் பாரசீகம்: காசு கட்டும் முன் இதைக் கேளுங்கள்

ஸ்வீடனில் குடியேறிய ஈரானியப் பெற்றோர், பிள்ளைக்குப் பாரசீகம் எழுதப் படிக்கத் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து வார இறுதி வகுப்பாகத் தேடி, மாதம் எவ்வளவு, புத்தகத்துக்குத் தனியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்குக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தாய்மொழிப் பாடம் பள்ளி சட்டப்படி தர வேண்டிய உரிமை, அதற்குக் கட்டணம் கிடையாது. 1977-இல் 'வீட்டு மொழி' என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு, 1997-இல் 'தாய்மொழி' என்று பெயர் மாறி இன்றுவரை நடக்கிறது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான், ஆகவே ஸ்வீடனில் இருக்கும் நம்மவர்களும் படிக்கலாம்.

யாருக்குக் கிடைக்கும்? பெற்றோரில் ஒருவருக்காவது தாய்மொழி ஸ்வீடிஷ் அல்லாத மொழியாக இருக்க வேண்டும், அந்த மொழி வீட்டில் தினமும் புழங்க வேண்டும், பிள்ளைக்கும் அதில் அடிப்படை அறிவு இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பல குடும்பங்கள் தவறிவிடக்கூடும். ஸ்வீடிஷ் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் பாரசீகத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைக்குப் பத்து வயதானபின் விண்ணப்பித்தால், அடிப்படை அறிவே இல்லை என்று இடம் மறுக்கப்படலாம். தயவுசெய்து வீட்டில் பேசுவதை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, சட்டம் பார்ப்பது வீட்டு மொழியைத்தான், பாஸ்போர்ட்டை அல்ல. ஈரானிலிருந்து வந்தவர் என்பதாலேயே படிவத்தில் பாரசீகம் என்று எழுதிவிட வேண்டாம். வீட்டில் குர்தியோ அஸர்பைஜானியோ பேசினால் அதையே கேட்கலாம். அதுபோல ஆப்கானியரின் தாரி, பாரசீகத்துக்கு மிக நெருக்கமானது என்றாலும் அங்கே தனி மொழியாகவே பதிவாகிறது, ஆகவே படிவத்தில் சரியான பெயரைக் குறிப்பிடுங்கள்.

சரி, எந்தப் பள்ளி? ஸ்வீடனில் நகராட்சிப் பள்ளியானாலும் தனியார் நடத்தும் பள்ளியானாலும் கட்டாயக் கல்விக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அதனால் 'மலிவான பள்ளி எது' என்பதைவிட, 'பாரசீகத்துக்கு ஆசிரியர் கிடைக்கும் பள்ளி எது' என்று பார்ப்பதே நல்லது. குறைந்தது ஐந்து பிள்ளைகள் கேட்டு, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால்தான் வகுப்பு நடத்தும் கடமை வரும். இந்த ஐந்து என்பது ஒரு வகுப்பறைக்கான எண்ணிக்கை அல்ல, பள்ளியை நடத்துபவருக்கான எண்ணிக்கை. நகராட்சிப் பள்ளி என்றால் அந்த நகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் உள்ள பிள்ளைகளைச் சேர்த்து எண்ணுவார்கள். ஒரே ஒரு சிறிய பள்ளி நடத்தும் தனியார் என்றால் அந்தப் பள்ளிக்குள்ளேயே ஐந்து பேர் தேற வேண்டும். ஈரானியர் அதிகமுள்ள ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் போன்ற நகரங்களில் இது பெரிய தடையல்ல, சின்ன ஊரில் நிச்சயம் தடைதான். பள்ளியில் சேர்க்கும் முன்பே 'பாரசீகம் நடக்கிறதா, யார் எடுக்கிறார்கள், எந்த இடத்தில்' என்று கேட்டுவிடுங்கள். ஆசிரியர் இல்லை என்று சொன்னால், இணையவழியாக நேரலையில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், 2015 முதல் தாய்மொழிப் பாடத்துக்கு அதற்கு அனுமதி உண்டு.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே நல்லது, அதுவும் பெரும்பாலும் பள்ளி விட்டபின், சில சமயம் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். பாரசீகத்தில் எழுதுவது 'நான்' (ரொட்டி), தெஹ்ரான் வீட்டில் சொல்வது 'நூன்'. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்த இடைவெளி நமக்குப் புதிதல்ல. வலமிருந்து இடமாக 32 எழுத்து, அதோடு இந்த வித்தியாசம் வேறு, வாரம் ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடாது. ஆகவே வார இறுதி வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இலவசமாகக் கிடைப்பதை முதலில் வாங்கிக்கொண்டு, போதாததற்கு மட்டும் பணம் செலவழியுங்கள் என்கிறேன்.

மதிப்பெண்ணிலும் லாபம் உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து இந்தப் பாடத்துக்கும் தரம் போடுவார்கள். மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு மிகச் சிறந்த 16 பாடங்களின் புள்ளிகளைக் கூட்டும்போது தாய்மொழியும் அதில் ஒன்றாக வரலாம். மிக உயர்ந்த ஏ தரத்துக்கு 20 புள்ளி, தேர்ச்சிக்கான கடைசித் தரமான ஈ-க்கு 10. வேறொரு பாடத்தில் ஈ வாங்கிய பிள்ளை பாரசீகத்தில் ஏ வாங்கி, 16 பாடக் கணக்கில் அந்த ஈ-க்குப் பதில் இது சேர்ந்தால், மொத்தத்தில் 10 புள்ளி கூடும்.

விண்ணப்பத்தைப் பெற்றோர்தான் போட வேண்டும், பள்ளி தானாகச் சேர்க்காது. கடைசித் தேதி ஊருக்கு ஊர் வேறு. பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் வகுப்பு என்றால், தனித் தேவை இருந்தாலொழிய மொத்தம் ஏழு ஆண்டுகள்தான். காரணமில்லாமல் மறுத்தால் முதலில் தலைமையாசிரியர், அப்புறம் பள்ளியை நடத்துபவர், அதற்கும் பலனில்லை என்றால் பள்ளி ஆய்வுத்துறை என்று எழுத்தில் முறையிடுங்கள். வேறு நகராட்சிக்கு வீடு மாறினால் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பழைய பள்ளியில் படித்த விவரத்தை எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.