மூணு மாசக் கெடுவை யார் வைத்தது?

போன வாரமும் ஒருவர் வந்தார். பக்கவாதம் வந்து 14 மாதம். இடது கை மடங்கி மார்போடு ஒட்டிக்கிடந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி, நகம் பதிந்த இடம் புண்ணாகியிருந்தது. அந்தக் கையைத் திறந்து சுத்தம் செய்யவே எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

"இத்தனை நாள் ஏம்மா கூட்டிட்டு வரலை?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"மூணு மாசத்துக்குள்ள வந்தாத்தான் வரும்னாங்க. மூணு மாசம் பார்த்தோம். வரலை. அப்புறம் எதுக்கு அவரைப் போட்டுக் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டோம்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருப்பார், பார்க்க வந்த சொந்தக்காரர் சொல்லியிருப்பார், அவசரத்தில் இருந்த மருத்துவர் ஒருவரே சொல்லியிருக்கவும் கூடும். இயன்முறை மருத்துவராக இத்தனை வருடத்தில் இந்த 'மூணு மாசம்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்த வருடம் மட்டும் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கெடு முழுப் பொய் என்றால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போகலாம். பாதி உண்மை என்பதுதான் தொல்லை. பக்கவாதம் வந்தபின் முதல் சில வாரங்களில் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகம் மிக அதிகம். பிறகு அந்த வேகம் குறைகிறது. 1990களில் கோபன்ஹேகனில் சுமார் 1,200 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில், 95 விழுக்காட்டினர் தாங்கள் தொடக்கூடிய உச்சத்தை ஏறக்குறைய 13 வாரத்துக்குள் தொட்டுவிட்டார்கள் என்று 1995இல் வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சண்டை இல்லை. அதை நாம் புரிந்துகொண்ட விதத்தில்தான் சண்டை.

அங்கே அளந்தது எதை? பார்தெல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1965இல் வந்தது, 100 மதிப்பெண்ணுக்கு. தானே சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா என்று கேட்கும். எந்தக் கையால் உடுத்துகிறார் என்று கேட்காது. செயலிழந்த கையைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு, நல்ல கையால் மட்டும் எல்லாவற்றையும் செய்யப் பழகிக்கொண்டவர் முழு மதிப்பெண் வாங்கலாம். ஆறாவது மாதத்தில் அந்தக் கையில் ஒரு விரல் விரியத் தொடங்கினால் அந்த அளவுகோலுக்கு அது தெரியவே தெரியாது. கோடு தட்டையாகத்தான் தெரியும். அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்துவிட்டு 'இனி இவ்வளவுதான்' என்றால் எப்படி?

வேகம் குறைவது வேறு, நின்றுபோவது வேறு. ஏற்றத்தில் ஏறும் வண்டி மெதுவாகப் போகிறது என்பதற்காக நடுவழியில் யாரும் இறங்கிவிடுவதில்லை.

2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 222 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் வாதம் வந்து 3 முதல் 9 மாதம், அதாவது அந்தக் கெடுவைத் தாண்டியவர்கள். இரண்டு வாரத்துக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதித்த கைக்குத் தினமும் பல மணி நேரம் வேலை கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுடைய கை நன்றாக இயங்கியது. லண்டன் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் 224 பேருக்குக் கொடுத்த கைப்பயிற்சி பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. மூன்று வாரத்தில் 90 மணி நேரம். அங்கே வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாதம் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிடைத்த முன்னேற்றம் ஆறு மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. (பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு என்று என் தொழில்காரர்கள் உடனே கை தூக்குவார்கள். சரிதான். ஆனால் மூன்றாம் மாதத்தோடு கதவு சாத்தப்படுகிறது என்றால் அத்தனை பேருக்கும் உள்ளே போக வழி எங்கிருந்து வந்தது?)

சரி, என்னிடம் வந்தவரின் வீட்டுக்கு வருகிறேன். வழக்கம்போலச் சில கேள்விகள் கேட்டேன்.

சட்டை பட்டன் யார் போடுறா? "நான்தான்." சாப்பாடு? "மருமக ஊட்டிடுவா." ஷேவிங்? "பையன்." போன் வந்தா? "நாங்களே பேசிடுவோம், அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறுது." கடைசியாக அவரிடமே கேட்டேன், "நீங்க என்ன சார் செய்வீங்க?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாத்துட்டு இருப்பேன்" என்றார்.

அவருடைய வலது கைக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் கையும் 14 மாதமாகச் சும்மா இருந்திருக்கிறது.

அன்பில்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாது. நாலு பேர் மாறி மாறித் தாங்கியிருக்கிறார்கள், படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர்கள் தாங்கத் தாங்க, அவர் உடம்பு தான் செய்ய வேண்டியதை மறந்துகொண்டே வந்திருக்கிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளிடம் இதைப் பார்த்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பை மட்டும் வெட்டினால், அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையை ஒதுக்கிவிட்டது. முயன்று பார்க்கும், தோற்கும், விட்டுவிடும். நல்ல கையைக் கட்டிப்போட்டபோதுதான் ஒதுக்கிய கையை நீட்டியது. கற்றுக்கொண்ட செயலின்மை என்று அதற்குப் பெயர் வைத்தார். மேலே சொன்ன உறை மாட்டும் பயிற்சி இதிலிருந்து பிறந்ததுதான்.

மனிதரிடம் இது இன்னும் சுலபமாக நடந்துவிடலாம். குரங்குக்கு ஊட்டிவிட மருமகள் இல்லையே.

இப்படித்தான் அந்தக் கெடு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு வராது என்று நம்புகிறோம், அதனால் முயற்சியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் நாமே செய்கிறோம், அதனால் வருவதில்லை, "பாத்தீங்களா, சொன்னாங்களே" என்கிறோம்.

"முழுசா சரியாயிடுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நான் 'ஆகும்' என்றும் சொல்வதில்லை, 'ஆகாது' என்றும் சொல்வதில்லை. தப்பிக்கும் பதில் இல்லை இது. ஆரம்ப நாட்களில் ஓரளவு கணிக்கலாம். இரண்டாம் நாளிலேயே விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கவும் முடிந்தால், ஆறு மாதத்தில் கை ஓரளவு வேலைக்கு ஆகும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று 2010இல் வந்த ஒரு டச்சு ஆய்வு சொல்கிறது. இரண்டும் முடியாதவர்களுக்கு 25. இந்த இரண்டாவது எண்ணை வீட்டாரிடம் மறைக்க மாட்டேன். ஆனால் 25 என்பது பூஜ்யம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். நாற்பது நாளில் எழுந்து ஓட வைக்கிறேன் என்று சத்தியம் செய்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாற்பத்தோராம் நாள் அந்த மனிதர் உடைவதைச் சேர்த்துக்கட்ட எனக்கு அதன்பிறகு ஆறு மாதம் ஆகிறது.

நான் கொடுக்கும் நம்பிக்கை சின்ன அளவு. இந்த மாதம் தட்டு நகராமல் அந்தக் கை பிடிக்கட்டும். அடுத்த மாதம் புட்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், மூடியை நல்ல கை திறக்கும். இதைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தால்தான் மறுநாளும் நீட்டுவார்கள்.

எத்தனை தடவை நீட்டுவது என்பது அடுத்தது. இதில் எங்கள் தொழிலுக்கும் குட்டு உண்டு. அமெரிக்கா, கனடா மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் எழுதினார்கள்: கைக்கான செயல்பயிற்சி ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 தடவைதான் நடந்தது. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. ஆக, பிசியோ வந்து முக்கால் மணி நேரம் செய்துவிட்டுப் போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மிச்சமுள்ள பகல் முழுக்க வீட்டில்தான் நடக்க வேண்டும், வேலையாக, விளையாட்டாக, எப்படியோ.

"அவரு ஒத்துழைக்கவே மாட்டேங்கிறாரு" என்ற புகாருக்கு வருகிறேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. சோம்பலோ அடமோ கிடையாது, மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதற்கும் 'வேண்டாம்' என்று இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "செத்துப் போயிருக்கலாம்" என்று வாயில் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். 'தைரியமா இருங்க' என்பதை நூறு தடவை சொன்னாலும் அது மாத்திரை ஆகாது. காரணமே இல்லாமல் பொலபொலவென்று அழுகிறவர்களும் உண்டு, அது மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது. பதறாமல் பேச்சை மாற்றினால் அடங்கிவிடும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும். அதற்கு அப்புறம் வருடக்கணக்கில் வலி. படுத்த நிலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லாதீர்கள், அவருடைய பிரச்சினை மடக்குவது இல்லை, விரிப்பது. பேச்சு குழறுகிறவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பேச்சு போனதால் அறிவு போய்விட்டது என்று எண்ணி அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவீர்களானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கை அசையத் தொடங்கியதும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துகிறீர்களே, அது யார் கொடுத்த யோசனை? வருகிற பக்கவாதங்களில் சுமார் நாலில் ஒன்று ஏற்கெனவே வந்தவர்களுக்கே மறுபடியும் வருவது. வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. உண்மையான கெடு அதுதான், அதற்கு மட்டும் யாரும் அவசரப்படுவதில்லை.

கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் கடைசியில் ஒரே ஒரு பெண்ணின் தலையில்தான் இது விழுகிறது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு "நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரம் அவரோடு உட்காருங்கள், அந்தப் பெண் தூங்கட்டும். பழங்களை வாங்கி வந்து அடுக்குவதைவிட அது பெரிய உபகாரம்.

அந்த 14 மாதக்காரர் இன்று மறுபடியும் வந்திருந்தார். இறுக்கத்தைத் தளர்த்த ஊசி போடலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். இரவில் விரல்களை விரித்து வைக்கப் பட்டை கொடுத்திருக்கிறேன். இடது கை நுணுக்க வேலைக்கெல்லாம் திரும்புமா என்றால், அநேகமாகத் திரும்பாது. அவரிடமும் அப்படியே சொன்னேன். ஆனால் சட்டையின் ஓரத்தை இடது முஷ்டியால் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் பட்டன் போட முடியும். அதைத்தான் இன்று ஆரம்பித்தோம்.

முதல் பட்டனுக்கு நாலு நிமிடம். இரண்டாவது தப்பான துளைக்குள் போய்விட்டது. கழற்றினார், மறுபடி தொடங்கினார், நெற்றி வேர்த்தது. எதிர் நாற்காலியில் இருந்த அவர் மனைவியின் கை இரண்டு தடவை தானாக நீண்டது.

"அம்மா, கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றேன்.

கட்டிக்கொண்டார். அவர் மூன்றாவது பட்டனுக்குப் போனார்.