பள்ளிப் பின்னாண்டு

அமெரிக்க உறைவிடப் பள்ளிகளின் சேர்க்கைப் படிவத்தில் 9, 10, 11, 12 என்ற வகுப்புகளுக்குக் கீழே ‘பி.ஜி.’ என்று இன்னொரு கட்டம் இருக்கும். போஸ்ட்கிராஜுவேட் இயர் என்பதன் சுருக்கம் அது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கிய மாணவர், கல்லூரிக்குப் போகுமுன் இன்னொரு பள்ளியில் தங்கி மேலும் ஒரு கல்வியாண்டு படிப்பது. இதை ‘முதுகலை ஆண்டு’ என்று எழுதுவது பெரும்பிழை.

பிழைக்கு வேர் ‘கிராஜுவேட்’ என்ற சொல். லத்தீனில் ‘கிராதுஸ்’ என்றால் படி. ‘போஸ்ட்’ என்றால் பின். நமக்குக் கிராஜுவேட் என்றால் பட்டதாரி மட்டும்தான். அமெரிக்காவிலோ பள்ளிப் படியைத் தாண்டியவரும் கிராஜுவேட். பின்னால் வருவது எந்தப் படிக்கு என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால் பதினெட்டு வயதுப் பிள்ளை எம்.ஏ. மாணவராகிவிடுகிறார்.

‘புகுமுக வகுப்பு’ என்பதும் பொருந்தாது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை, பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் கல்லூரியில் கட்டாயம் படித்த ஓராண்டு அது. இதுவோ பள்ளியில் நடப்பது, விரும்பினால் மட்டும் படிப்பது. படிப்பை நிறுத்திவைக்கும் ‘இடைவெளி ஆண்டு’ம் வேறு, பள்ளியை முடிக்காமலே ஒரு வகுப்பை மறுபடி படிப்பதும் வேறு. ஆகவே ‘பள்ளிப் பின்னாண்டு’ என்பதே சரி. ‘போஸ்ட்’ பின்னாக வந்துவிடுகிறது, எதற்குப் பின் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் இந்த வழக்கம் வேரூன்றியது. மெயின் மாநிலத்தில் 1808இல் தொடங்கிய பிரிட்ஜ்டன் அகாடமி இன்று இந்த ஓராண்டை மட்டுமே நடத்துகிறது. சேர்பவர்களில் விளையாட்டு வீரர்கள் மிகுதி: உடல் வலுக்க, கல்லூரிப் பயிற்சியாளர்களின் கண்ணில் பட ஓராண்டு கிடைக்கிறது. கட்டணம் பல பள்ளிகளில் 60,000 டாலரைத் தாண்டும் என்பதால் உதவித்தொகையைக் கேட்டறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பலர் சறுக்குவது நாள்கணக்கில். செப்டம்பரில் புதுப் பள்ளிக்கு வந்தால், கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் நவம்பர் 1தான் கெடு. புதிய மதிப்பெண் அதற்குள் பெரும்பாலும் சேராது. பழைய மதிப்பெண் பட்டியல்தான் பேசும். எனவே அதையும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் பழைய பள்ளியை விட்டுக் கிளம்புமுன்பே கேட்டு வைக்க வேண்டும்.

வீரர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் உச்சமான முதல் பிரிவில் விளையாட, பள்ளியில் படித்த 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். உரிய காலத்தில் பள்ளியை முடித்தவர், அதற்குப் பிறகு படிப்பதில் ஒரு பாடத்தைத்தான் அந்தக் கணக்கில் சேர்க்க முடியும். பள்ளியில் நான்கைந்து பாடங்களைக் கோட்டைவிட்டவரை இந்த ஓராண்டு முதல் பிரிவுக்குத் தூக்கிவிடாது. இரண்டாம் பிரிவில் அந்த வரம்பு இல்லை.