‘வருவாய் வெட்டி’ அல்ல, சுங்கக் காவல் கப்பல்

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தொடக்கக் கதையைச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகளில் ‘ரெவின்யூ கட்டர்’ என்பதை ‘வருவாய் வெட்டி’ என்று எழுதுகிறார்கள். இன்னொரு முறை கண்ணில் பட்டுவிட்டது, பொறுக்க முடியவில்லை. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? அரசின் வருவாயை வெட்டிக் குறைத்த கப்பல் என்றுதானே? அது செய்ததோ நேர் எதிரான வேலை: கடத்தலைத் தடுத்து அந்த வருவாயைக் காத்தது.

கட்டர் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஒற்றைப் பாய்மரக் கப்பல் வகை ஒன்றுக்கு வைத்த பெயர். நீரைக் கிழித்து ஓடும் வேகத்தால் வந்தது என்பார்கள். தேயிலையும் பிராந்தியும் கடத்தியவர்களைப் பிரிட்டன் சுங்கத்துறை இதில்தான் துரத்தியது.

அமெரிக்காவில் பெயர் நின்றது, உருவம் மாறியது. நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கேட்டபடி, பத்துப் படகுகள் கட்ட 1790 ஆகஸ்ட் 4 அன்று சட்டம் வந்தது. அவற்றில் ஒன்றான ‘மாசச்சூசெட்ஸ்’ 1791இல் நியூபரிபோர்ட்டில் நீரில் இறங்கியது. அது இரட்டைப் பாய்மர ஸ்கூனர். ஆக, அங்கே கட்டர் என்றால் செய்யும் வேலைதான், உருவம் அல்ல. அப்புறம் எதை ‘வெட்டுவது’?

‘வருவாய்’ என்பதும் பொருந்தவில்லை. வருவாய்த்துறை என்றால் நமக்குத் தாசில்தாரும் பட்டாவும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கப்பல்கள் காத்தது இறக்குமதி வரியை. அதற்குச் சுங்கம் என்ற சொல் இருக்கிறதே!

சுங்கம் வடசொல், ‘உல்குக் கலம்’ என்போம் என்கிறார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். உல்கு என்றாலும் சுங்கம்தான். ‘உல்கு பொருள்’ 756ஆம் குறளிலேயே இருக்கிறது, அழகான சொல்தான். ஆனால் சுங்கத்தைப் போலவே உல்கும் ‘சுல்க’ என்ற வடசொல்லின் திரிபுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் தூய்மை என்ற வாதமே நிற்காது. தூய சொல்தான் என்றே வைத்துக்கொண்டாலும், இன்று உல்கு என்றால் எத்தனை பேருக்குப் புரியும்? முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே அழைத்திருக்கிறோம். அவ்வளவு காலமாக நம் வாயில் புழங்கும் சொல்லை ஏன் தள்ள வேண்டும்?

அதனால் ‘சுங்கக் காவல் கப்பல்’ என்பதே என் தேர்வு. ஒற்றைப் பாய்மர வகையைக் குறிக்கும்போது மட்டும் ‘கட்டர்’ என்றே எழுதலாம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டாமல், அந்தச் சொல் குறிப்பது என்ன வேலை செய்தது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 1915இல் இந்தச் சுங்கக் காவல் கப்பல்களின் பிரிவும் உயிர்காப்புப் பிரிவும் இணைந்துதான் கடலோரக் காவல்படை ஆயின. இன்று அங்கே 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள, நிலையான பணிக்குழு கொண்ட எல்லாக் கப்பலும் கட்டர்தான், பனிக்கட்டி உடைக்கும் கப்பல் உட்பட. அவற்றுக்குச் ‘சுங்க’த்தையும் விட்டுவிட்டு, ‘காவல் கப்பல்’ என்றால் போதும்.