கட்டியிலுள்ள மரபணு இணைவு பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை

நாக்கின் ஓரத்தில் புற்றுக் கட்டியுள்ள ஒருவரின் திசு அறிக்கையில் 'மரபணு இணைவு காணப்பட்டது' என்றிருந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குக் குறித்திருந்த நாளைத் தள்ளிவைத்து, நோயே இல்லாத பிள்ளைகளுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று ஒரு குடும்பம் அண்மையில் எங்கள் நோயியல் ஆய்வகத்துக்கு வந்தது. இப்படி வருபவர்கள் பெருகிவிட்டதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

எத்தனை முறை சொன்னாலும் எடுபடாத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய்ப்புற்றில் காணப்படும் மரபணு இணைவு பெற்றோரிடமிருந்து வந்ததன்று; பிள்ளைகளுக்குப் போகக்கூடியதுமன்று. வாயின் உட்பூச்சிலுள்ள ஏதோ ஓர் உயிரணுவில் குரோமோசோம்கள் உடைந்து, உடைந்த முனைகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது, ஒரு மரபணுவின் முற்பகுதியோடு வேறொன்றின் பிற்பகுதி சேர்ந்துவிடுகிறது. அந்த உயிரணுவிலிருந்து பெருகிய கட்டியில் மட்டுமே அது இருக்கும். நோயாளியின் தோலில் இராது, கருமுட்டையிலோ விந்தணுவிலோ இராது. இணைவுகளிலேயே பெயர்பெற்றது நாள்பட்ட மைலாய்டு இரத்தப்புற்றில் 1960இல் கண்டறியப்பட்ட ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். அது 9, 22ஆம் குரோமோசோம்களுக்கிடையே நேர்ந்த இடமாற்றம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்நோயும் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. ஃபான்கோனி இரத்தசோகை போல, பிறவிக் குறைபாட்டால் வாய்ப்புற்று அபாயம் கூடும் அரிய நிலைகள் உண்டு. அவற்றில் பழுது உடல் முழுவதிலும் இருக்கும், அதற்கான பரிசோதனையும் வேறு.

இணையும் இரண்டில் ஒன்று, உயிரணுவுக்கோ திசுவுக்கோ வடிவமும் தாங்கலும் தரும் கட்டமைப்புப் புரதத்தின் மரபணுவாக இருந்தால், அது இரண்டு விதமாகக் கட்டியின் வளர்ச்சிக்குத் துணைபோகிறது. மரபணுவை இயக்கிவிடும் பகுதியான, ஓயாமல் இயங்கும் தன் விசையைக் கடனாகக் கொடுப்பது ஒன்று. தோலில் வரும் ஒருவகைக் கட்டியில் கொலாஜன் மரபணுவின் விசை, வளர்ச்சிக் காரணி ஒன்றை அளவின்றிச் சுரக்க வைக்கிறது. முறுக்கிப் பற்றிக்கொள்ளும் வால் ஒன்றைக் கொடுப்பது மற்றொன்று. தலை, கழுத்துப் பகுதிச் செதிளணுப் புற்றுகளில் மிகச் சிலவற்றில் காணப்படும் எஃப்ஜிஎஃப்ஆர்3–டிஏசிசி3 இணைவு இவ்வகை. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்பது வளர்ச்சிக் காரணியை உணரும் ஏற்பி. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களோடு சேர்ந்திருக்கும் டிஏசிசி3 புரதத்தின் வால், இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால், வளர்ச்சிக் காரணி வந்து தொடாமலேயே, பொத்தான் சிக்கிக்கொண்ட அழைப்புமணியைப் போலப் பெருகச் சொல்லும் சமிக்ஞை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2012இல் மூளைப்புற்றில் இது விவரிக்கப்பட்டபோது, குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமல் எண்ணிக்கை குளறுபடியாவதும் காட்டப்பட்டது.

ஆனால், வாய்ப்புற்றின் பெரும்பகுதிக்கு அடிப்படை டிபி53, சிடிகேஎன்2ஏ ஆகிய காவல் மரபணுக்கள் பழுதாவதே, இணைவுகள் அரிது. வாயின் உட்பூச்சுக்கு உறுதி தரும் கட்டமைப்புப் புரதமான கெரட்டினின் இரண்டு மரபணுக்கள் இணைந்ததாக அறிக்கை வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பரிசோதனையைத்தான். வாயின் உட்பூச்சில், மரபணுவின் நகலான ஆர்என்ஏ கெரட்டினுக்குக் குவிந்து கிடக்கும். 12, 17ஆம் குரோமோசோம்களில் கொத்தாக அமைந்த அம்மரபணுக்கள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. பரிசோதனையில் ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினாலோ, கணினி வரிசையை இடம் மாற்றிப் பொருத்தினாலோ, இல்லாத இணைவு தோன்றிவிடும். வேறொரு முறையால் உறுதிசெய்யாத இணைவை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வாயின் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் புற்றுகள் தனிக் கணக்கு: அங்கே இணைவைக் கொண்டே நோய்க்குப் பெயரிடுவதுண்டு; என்டிஆர்கே எனும் ஏற்பி மரபணுக்களில் இணைவுள்ள புற்று பரவிய நிலையில், 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லாரோட்ரெக்டினிப் மருந்தை மருத்துவர் பரிசீலிக்கக்கூடும்.

அறுவையைத் தள்ளாதீர்கள். அறுத்தெடுத்த கட்டியை மெழுகில் பதித்து ஆய்வகம் பாதுகாத்து வைக்கும்; இணைவுப் பரிசோதனையைப் பிறகு அதிலேயே செய்துகொள்ளலாம். புகையிலை, பாக்கு, மது மூன்றையும் விடுங்கள். கட்டி வந்த பின் விட்டு என்ன பயன் என்று கேட்காதீர்கள், பயன் உண்டு. 'வெறும் பாக்குதானே' என்பதும் வேண்டாம். புகையிலை சேராத பாக்கும் புற்று விளைவிப்பதுதான். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, காரணமின்றி ஆடும் பல் என எதுவானாலும் காட்டிவிடுங்கள். பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. சிகிச்சை முடிந்தவர்கள் தொடர் பரிசோதனைக்கு வருவதை நிறுத்தக் கூடாது. அதே புகையிலைக்கு ஆட்பட்ட வாயின் வேறிடத்தில், முந்தைய கட்டியின் இணைவோடு தொடர்பே இல்லாத புதிய புற்று தோன்றக்கூடும்.